கடலூரில் சுறா, சிதம்பரத்தில் வவ்வால்

கடலூர் முதுநகர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் பையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, ஒரு கிலோ மைசூர்பாகு, பாதி வரைந்த ஒரு சுறா ஆகிய மூன்றும் இருந்தன. கொலுசு என் தம்பி மகளுக்கு. மைசூர்பாகு சம்பந்தி வீட்டுக்கு. சுறா என் பிழைப்பு.

கோயம்புத்தூரில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் நான். இந்த முறை பதிப்பாளர் கொடுத்த வேலை கொஞ்சம் கிறுக்குத்தனமானது. இரண்டு பிராணிகளை எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தி, யார் பெரிய வேட்டைக்காரர் என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும். இடது பக்கம் புலிச்சுறா, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. வலது பக்கம் பூச்சி தின்னும் சின்ன வவ்வால், சிறகை மடக்கினால் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். கடைசிப் பக்கத்தில் யார் ஜெயித்தார்கள் என்று வரைய வேண்டும். மலைக்கும் மடுவுக்கும் பந்தயமா என்று கேட்டேன். அதுதான் மேடம் விற்கும் என்றார்.

ஆனால் நான் கடலூருக்கு வந்தது படம் வரைய அல்ல, பேர் சொல்ல. எங்கள் பக்கம் குழந்தைக்கு முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அத்தை. தொட்டிலில் போட்டு, குனிந்து, வலது காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். அதுவரை வீட்டில் எல்லோருக்கும் அது வெறும் பாப்பாதான். ஆதிரை என்று தம்பி குமாரும் அவன் மனைவி தேன்மொழியும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். சிரமமான வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் இரண்டு நாட்களாகக் குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தேன்மொழியின் அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். மனைவி இறந்த பிறகு சமையலும் அவர்தான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், பின்னாலிருந்து குளிர் முதுகில் ஏறியது. கடலூர் வெயிலுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. உப்பனாற்றுப் பாலம் தாண்டினோம்.

"புள்ளைக்குக் காது டெஸ்ட் எடுத்தாங்கம்மா," என்றார் மாமா. "ரெண்டு வாட்டி எடுத்தாச்சு. பாஸ் ஆவலன்னுட்டாங்க. சிதம்பரத்துல பெரிய டெஸ்ட் ஒண்ணு இருக்குதாம், அத எடுத்தாத்தான் நிச்சயமாத் தெரியுமாம். குமாருக்கு லீவு இல்ல. நீ வந்தது நல்லதாப் போச்சு."

இரண்டு மாதக் குழந்தைக்குப் பரீட்சை, அதில் பெயில். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்த உடனே ஒரு தட்டு விழுந்தது. தேன்மொழி வேண்டுமென்றே போட்டிருந்தாள். பாயில் ஒருக்களித்துக் கிடந்த குழந்தை அசையவில்லை. இரண்டு கன்னமும் தொங்கத் தொங்க, தன் கைவிரலைத் தானே ரசித்துக்கொண்டிருந்தது. "நேத்து இதே தட்டுக்குத் தூக்கிப் போட்டுச்சு அண்ணி. இன்னிக்குக் கண்ணக்கூடச் சிமிட்டல," என்றாள். அந்த வீட்டில் அப்போது யாரும் எதையும் மெதுவாக வைப்பதில்லை. மாமா டம்ளரைப் போட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் கையைத் தட்டிப் பார்ப்பார்கள். குழந்தை சில தடவை திடுக்கிடும், சில தடவை திடுக்கிடாது, பார்த்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவார்கள்.

கொலுசை எடுத்துக் கொடுத்தேன். தேன்மொழி வாங்கி அப்படியே அலமாரியில் வைத்துவிட்டாள்.

"பேரு வைக்கிறது இப்ப வேணாம் அண்ணி. கேக்காத காதுல போயி பேரச் சொல்லிட்டு, அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேரச் சொல்லி நான் எப்படிக் கூப்புடறது? தெரிஞ்சிக்கிட்டு வைக்கலாம்."

சரி என்றேன். மைசூர்பாகை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாமாவோடு துறைமுகத்துக்குப் போனேன். தேன்மொழிக்குக் கவலையில் பால் குறைந்துவிட்டது, பால்சுறா வாங்கிப் புட்டு செய்துகொடுக்க வேண்டும் என்றார். கோயம்புத்தூரில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுப்போம். இங்கே சுறா கொடுத்து, அதோடு பூண்டும் கொடுக்கிறார்கள்.

படகுகள் வந்து அணைந்திருந்தன. தரை முழுக்க வெள்ளி. பால்சுறாக்கள் கூடையில் வாழைத்தண்டு போல அடுக்கிக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி, ஈரத் தரையில் தனியாக, நான் பையில் வைத்திருந்ததன் அசல் கிடந்தது. புலிச்சுறா. பக்கவாட்டில் மங்கிய வரிகள். செத்த பிறகும் வாய் ஒரு பக்கமாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் மூக்குக்குக் கீழே பார்த்தேன். பேனா முனையால் குத்தியது போலக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். நான் துறைமுகத்துக்குக் கிளம்பியது அவற்றைப் பார்க்கத்தான். மெல்ல அமுக்கினால் கஞ்சி போல ஒன்று வெளியே வந்தது.

சுறாவின் ரகசியம் அந்தப் புள்ளிகளில் இருக்கிறது. இரை மணலுக்குள் புதைந்து மூச்சுக் காட்டாமல் கிடந்தாலும், அதன் உடம்பில் ஓடும் இம்மியளவு மின்சாரத்தை அந்தத் துளைகள் பிடித்துவிடும். வவ்வால் வேறு ஜாதி. அது கத்தும், நம் காதுக்கு எட்டாத அளவு உச்சத்தில் கத்தும். அந்தக் கத்தல் கொசுவில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு, கொசு எங்கே, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுகொள்ளும். ஒன்று கேட்டு வாங்குகிறது, மற்றது கேட்காமலே தெரிந்துகொள்கிறது. இரண்டுக்கும் இருட்டு ஒரு பொருட்டில்லை.

"என்னாம்மா, வாங்கப் போறியா, வைத்தியம் பாக்கப் போறியா?" என்றாள் கூடைக்காரி ஒருத்தி. வரைவதற்கு என்றேன். "வரைய பல்லு இருக்குற பக்கமாப் பாரு. மூக்குல என்னா இருக்குது?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

மாமா சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, மஞ்சள் போட்டுப் பிசைந்தார். சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் எண்ணெயில் வதங்கும் வாசனை தெருவுக்கே போயிருக்கும். சுடச்சுடச் சோற்றோடு சாப்பிட்டேன். கடலிலேயே பெரிய பயங்கரம் என்று நான் வரைந்துகொண்டிருந்த ஒன்றின் பங்காளி, வாயில் போட்டதும் பஞ்சு மாதிரி கரைந்தது. பால் ஊற வேண்டியவள் இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். பால் ஊற வேண்டாத நான் மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

அவளைப் பேச வைக்கலாமே என்று, முதல் டெஸ்ட்டை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"காதுல ரப்பர் மாதிரி ஒண்ணு சொருகுனாங்க அண்ணி. டிக் டிக்னு சன்னமா சத்தம் விடுவாங்களாம். காது நல்லாருந்தா அதுவே உள்ளேருந்து ஒரு சத்தத்தத் திருப்பிக் குடுக்குமாம். அத மிஷின் கேட்டுக்குமாம்."

எனக்குக் கையில் இருந்த சோறு மறந்துபோனது. "அட, இது வவ்வால் டெஸ்ட்டு!" என்று ஆரம்பித்து, கத்தல், கொசு, திரும்பி வரும் சத்தம் என்று அளந்துவிட்டேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப வவ்வாலு கூப்பிட்டுது, எம் புள்ள காது பதில் சொல்லல," என்றாள்.

மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த நாள் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினோம், தேன்மொழியும் நானும் குழந்தையும். ஆஸ்பத்திரியில் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்கள். டெஸ்ட் எடுக்கும்போது குழந்தை அசந்து தூங்க வேண்டும். ஆகவே வழியில் தூங்க விடாதீர்கள், அங்கே வந்து பால் கொடுத்துத் தூங்க வையுங்கள் என்று.

சொன்னவர்கள் பாசஞ்சர் ரயிலில் ஏறியதே இல்லை போலிருக்கிறது. ஆலப்பாக்கம் வருவதற்குள் எனக்கே கண் சொக்கியது. ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்பு, சவுக்கு, அதற்கப்பால் உப்புத் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டு மெல்லத் திரும்பியது. பெட்டி ஒரே தாளத்தில் ஆடியது. கருப்பையில் இருக்கிற பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தேன்மொழி குழந்தையின் உள்ளங்காலைச் சுரண்டினாள். நான் மூக்கில் ஊதினேன். எதிரில் உட்கார்ந்திருந்த பரங்கிப்பேட்டைக்கார அம்மா ஒருவருக்கு இது பொறுக்கவில்லை.

"அல்லாவே, புள்ளய ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "சரி, நீ செத்த சாஞ்சிக்கம்மா, மூஞ்சே சரியில்ல. நான் பாத்துக்குறேன்," என்று குழந்தையை வாங்கினார். பார்த்துக்கொண்டார். தோளில் சாய்த்து, முதுகில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். குழந்தை தூங்கிவிட்டது. எழுப்புங்கள் என்று நான் பதறினேன். "தூங்குற புள்ளய எழுப்புனா பாவம்," என்றார் அவர். "ஆமா, எழுப்பாதீங்க," என்றார் பூ கட்டிக்கொண்டிருந்தவர். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒருவர், "தானா எழுந்துக்கும்மா," என்றார். பெட்டியே ஒரு கட்சி ஆகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நம் ஜனங்களைப் பேசி ஜெயிக்க முடியாது.

வழியில் ஒரு ஸ்டேஷனில் நின்றபோது பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு ரயில் பெரிய ஊளையோடு கடந்தது. எல்லோருடைய பேச்சும் நின்றது. தேன்மொழி குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்தாள். இமை கூட அசையவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பரங்கிப்பேட்டையில் அந்த அம்மா இறங்கும்போது குழந்தையை அவள் மடியில் வைத்து, அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

சிதம்பரம் வந்ததும் குழந்தை தானாகத்தான் எழுந்தது. அரை நாள் தூங்கி எழுந்தது போல முகம், பூ மாதிரி. பிறகு என்ன செய்தும் தூங்கவில்லை. டெஸ்ட் அறையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். "இன்னிக்கு ஆவாதுக்கா. நாளைக்குக் காலைல முதல் ஆளா வந்துடுங்க. ராத்திரி ஜாஸ்தி தூங்க விடாதீங்க," என்றாள்.

இந்த டெஸ்ட் எப்படி என்று அவளிடம் கேட்டேன். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஸ்டிக்கர் ஒட்டுவோம் என்றாள். காதில் சத்தம் விடுவோம். கேட்டால், காதிலிருந்து மூளைக்குப் போகிற வழியில் துளியூண்டு கரண்ட் ஓடும். அதை மேல்தோலிலிருந்தே பிடித்து ஸ்கிரீனில் கோடாகக் காட்டும். குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை.

கேட்காமலே தெரிந்துகொள்வது. மூக்கடியில் கறுப்புப் புள்ளிகள். முதல்நாள் பட்ட சூடு மறந்து, வவ்வால் டெஸ்ட்டில் தெரியாதது இந்தச் சுறா டெஸ்ட்டில் தெரியப்போகிறது என்று அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள்.

"நான் சுறாவும் இல்ல, வவ்வாலும் இல்லக்கா. திட்டக்குடிக்காரி," என்றாள்.

தேன்மொழி சிரித்துவிட்டாள். நான் வந்த பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கீழவீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். சாயங்காலம் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். கொத்சுக்காகவே இந்த ஊரில் ஒரு வீடு பார்க்கலாம். தேன்மொழி நான்கு இட்லி சாப்பிட்டாள், நான் எண்ணவில்லை என்பது போல இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குழந்தையோடு வீதியில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்தோம்.

வெளிச்சம் தேன் நிறத்துக்கு வந்து, பிறகு சாம்பலாயிற்று. கிளிகள் அடங்கின. கோபுரத்தின் நடு நிலையிலிருந்து யாரோ கரித்தூளை ஊதிவிட்ட மாதிரி ஒரு கூட்டம் வெளியே வந்தது. சின்ன வவ்வால்கள். தெருவிளக்கைச் சுற்றி வளைந்து, திடீரென்று மடங்கி, மறுபடி எழும்பின. ஒரு சத்தம் இல்லை. அத்தனையும் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கின்றன, கீழே பஜாரில் நிற்கிற நூறு பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த வீதியில் அந்த நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் காது கேட்காது. இதை நினைத்ததும் நெஞ்சில் ஒரு பாரம் கழன்றது போல இருந்தது. காரணம் சரியா என்று தெரியாது, இருந்தது.

"சுறா குட்டி போடுமா, முட்டை போடுமா அண்ணி?" என்று கேட்டாள் தேன்மொழி.

"புலிச்சுறா குட்டிதான் போடும். போட்டுட்டு அதும்பாட்டுக்குப் போயிடும். திரும்பிக்கூடப் பாக்காது."

"இது?"

"வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. பால் குடுக்கும். ராத்திரி மேய்ஞ்சிட்டு வந்து, அவ்வளவு கூட்டத்துல தன் குட்டியோட குரலக் கேட்டு அதுகிட்டயே போயிரும்."

அவள் மேலே பார்த்தாள். "அதுல ஒரு குட்டிக்குக் காது கேக்கலன்னா?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். வாசனையை வைத்தும் அம்மா கண்டுபிடிக்கும் என்று படித்திருக்கிறேன், அதையும் சொன்னேன். தேன்மொழி குனிந்து குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து நீளமாக மூச்சிழுத்தாள். அப்படியே இருந்தாள். வவ்வால்கள் தீர்ந்துபோகும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் குமார் நின்றுகொண்டிருந்தான். கடலூரை ஒட்டிய குடிகாட்டில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி ஷூவைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி வந்திருக்கிறான். "லீவு கேக்கல. தூக்கத்தத்தான் விட்டுட்டேன்," என்றான். குழந்தைக்கும் அவனுக்கும் ஒரே கண், ஒரே கொட்டாவி.

பால் குடித்த உடனே குழந்தை தூங்கியது. அறையில் விளக்கை அணைத்தார்கள். ஸ்கிரீனின் நீல வெளிச்சம் சுவரில் அலைந்தது. ஏசி ஒரே சீராக முனகியது. நாங்கள் மூவரும் கடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. நெற்றியில் ஒன்று, காதுகளுக்குப் பின்னால் ஒவ்வொன்று என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு குழந்தை தூங்கியது. கோடு ஓடியது. எனக்கு அந்தக் கோட்டில் ஒன்றும் புரியவில்லை. யார் பெரிய வேட்டைக்காரர் என்ற கேள்வியெல்லாம் மனதிலேயே இல்லை. கடவுளே, எங்கேயாவது துளி கரண்ட் ஓடட்டும் என்று மட்டும் இருந்தது.

திட்டக்குடிக்காரி ஒரு காதை முடித்து மறு காதுக்கு மாற்றினாள். மாற்றியதை மறுபடி எடுத்தாள். அதையே இன்னொரு முறை எடுத்தாள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் வயதானவர். சுற்றி வளைக்கவில்லை. "இடது காது நல்லா இருக்கு. ரொம்ப சன்னமான சத்தம்கூடக் கேக்குது. முன்ன எடுத்தப்ப இதுல நீரோ அழுக்கோ இருந்திருக்கலாம். வலது காதுல ஒண்ணும் வரல. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாப்போம். ஆனா நான் நம்பிக்கை குடுத்து ஏமாத்த விரும்பல."

குமார்தான் கேட்டான். "பேசுமா சார்?"

"பேசும். பள்ளிக்கூடத்துல முன் பெஞ்சுல உக்கார வைங்க. ரோட்டுல கவனமா இருக்கணும், சத்தம் எந்தப் பக்கம்னு டக்குனு தெரியாது. இடது காது கீழ இருக்குற மாதிரி ஒருக்களிச்சுப் படுத்தா, நீங்க என்ன தட்டைப் போட்டாலும் எழுந்திரிக்காது."

வவ்வாலுக்கு ஒரு காது போனாலும் கொசு கிடைக்காது. நல்லவேளை, இவள் கொசு பிடிக்க வேண்டியதில்லை. இதை இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குச் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. குமார் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். தேன்மொழி அழவில்லை. குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த பசையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

"பேரச் சொல்லுங்க அண்ணி."

"இங்கயா? வீட்டுக்குப் போயி, தொட்டில் கட்டி..."

"இங்கயே சொல்லுங்க."

"முறைப்படி வலது காதுலதான சொல்லணும்?" என்றான் குமார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

தேன்மொழி குழந்தையின் இடது காது என் பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்தாள். நான் குனிந்தேன். அவ்வளவு ஒத்திகை பார்த்தும் முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவது தடவை ஆதிரை என்றபோது, அவள் தூக்கத்திலேயே புருவத்தை உயர்த்தினாள், யாரது தொந்தரவு செய்வது என்பது போல. குமார் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நிமிரப் போனேன். தேன்மொழி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். குழந்தையைத் தோளோடு தூக்கி, மெதுவாக மறுபக்கம் திருப்பினாள்.

"இதுலயும் சொல்லுங்க அண்ணி," என்றாள். "இதுவும் அவ காதுதான."